அஞ்சு எழுத்து இங்கிலீஷ் வார்த்தை, அதுல இந்த எழுத்து இருக்கணும்: புதுசா விளையாடுறவங்க எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

சென்னையில எந்தத் தெருவுல நடந்தாலும் ஒரு ஜெராக்ஸ் கடை போர்டு கண்ணுல படும். அந்த வார்த்தைய இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, சரியா அஞ்சு எழுத்து, ஆரம்பமும் எக்ஸ், முடிவும் எக்ஸ். ஆனா எக்ஸ்ல ஆரம்பிக்கிற அஞ்சு எழுத்து வார்த்தை ஒண்ணு சொல்லுங்கன்னு திடீர்னு கேட்டா நிறைய பேர் முழிப்பாங்க, ஏன்னா நம்ம வாய் அத "ஜெ"ன்னு தான் சொல்லுது, மூளையும் ஜே பக்கமே போய் தேடிக்கிட்டு இருக்கும். நான் இதுல சொல்ல வர்றது முக்கியமா இது ஒண்ணு தான்: சத்தத்த வச்சு தேடாதீங்க, அந்த எழுத்து எந்த எடத்துல உக்காரும், அதுக்கு முன்னாடி பின்னாடி எந்த எழுத்து வரும்னு பாத்து தேடுங்க. இத பழகிட்டா பெரிய லிஸ்ட் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

யாருக்கு இது தேவைப்படும்னா, காலையில எலக்ட்ரிக் ட்ரெயின்ல தாம்பரத்துலேர்ந்து பீச் போற வரைக்கும் வேர்டில் ஆடுறவங்க, லீவு நாள்ல வீட்ல ஸ்க்ராபிள் போர்டு விரிக்கிறவங்க, பேப்பர்ல இங்கிலீஷ் குறுக்கெழுத்து போட ஆசைப்பட்டு ரெண்டு மூணு கட்டத்தோட நின்னுட்டவங்க, அப்புறம் ஸ்கூல் பசங்களுக்கு ஸ்பெல்லிங் சொல்லிக் குடுக்குற அம்மா அப்பா. தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு இது வராதுன்னு ஒரு எண்ணம் இருக்கு, அது தப்பு, இது இங்கிலீஷ் பேசுற திறமை இல்ல, எழுத்துக்கள் எப்டி அடுக்கப்படுதுங்கிற ஒழுங்க கவனிக்கிற திறமை, தமிழ்ல எந்த மெய் எதுக்கு அப்புறம் வரும் எது வராதுன்னு நமக்கு தன்னால தெரியுதுல்ல, அந்த அறிவு தான் இங்கயும் வேலை செய்யுது.

மொதல் வேலை: அஞ்சு கோடு போடுங்க

ஒரு பேப்பர் எடுத்து அஞ்சு கோடு போட்டுக்கோங்க. உங்களுக்கு வேண்டிய எழுத்த மொதல் கோட்டுல வச்சு யோசிங்க, அப்புறம் ரெண்டாவதுல, அப்புறம் மூணாவதுல, இப்டியே கடைசி வரைக்கும். சின்ன வேலையா தெரியும், ஆனா பலன் பெருசு, அதுக்கு காரணம் இருக்கு. நம்ம மூளை வார்த்தைகள மொதல் எழுத்து வச்சு தான் அடுக்கி வச்சிருக்கு, டிக்‌ஷனரியும் அப்டி தான், அதனால நடுவுல இருக்குற எழுத்த வச்சு தேடச் சொன்னா திணறுது. 1973ல ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் இத சோதிச்சு பாத்தாங்க, கே, எல், என், ஆர், வி இந்த அஞ்சு எழுத்தும் இங்கிலீஷ்ல வார்த்தையோட மொதல் எடத்துல அதிகமா வருமா மூணாவது எடத்துல அதிகமா வருமான்னு கேட்டாங்க, பெரும்பாலானவங்க மொதல் எடம்னு சொன்னாங்க, உண்மையில அந்த அஞ்சுமே மூணாவது எடத்துல தான் அதிகம். அதாவது நமக்கு ஞாபகம் வர்றது குறைச்சல், இருக்குறது நிறைய. அஞ்சு கோடு போடுறது அந்த மறைஞ்சு கெடக்குறத வெளிய இழுக்கத் தான்.

கே-ய வச்சே செஞ்சு பாப்போம். மொதல் எடத்துல நைஃப், நாக், கியாஸ்க், காக்கி, கர்மா. இதுல நைஃப், நாக் ரெண்டுலயும் ஆரம்பத்துல இருக்குற கே-க்கு சத்தமே வராது, சத்தத்த வச்சு தேடுனா இந்த ரெண்டும் கெடைக்கவே கெடைக்காது, பாத்தீங்களா. ரெண்டாவது எடத்துல ஸ்கில், ஸ்கர்ட், ஸ்கேட், ஸ்கல், எல்லாத்துக்கும் முன்னாடி எஸ். மூணாவது எடத்துல டோக்கன், ஜோக்கர், பேக்கர், டேக்கன், ஆஸ்க்ட். நாலாவது எடத்துல பிரேக் போடுற பிரேக், ஸ்மோக், ஸ்நேக், ஷேக், ப்ரோக், எல்லாம் கடைசியில ஒரு இ வச்சு முடியுது, கூடவே லக்கி. அஞ்சாவது எடத்துல க்ளாக், ப்ளாக், ட்ரக், ப்ரிக், அப்புறம் திங்க், ட்ரிங்க், அப்புறம் ஸ்பீக், ஸ்டீக். ஒரு எழுத்துக்கு இருவது வார்த்தைக்கு மேல வந்தாச்சு, எதுவும் கஷ்டமான வார்த்தை இல்ல, எல்லாமே எட்டாங் கிளாஸ் படிச்சவங்களுக்கு தெரிஞ்சது தான்.

இத ஒரு தடவ செஞ்சா இன்னொரு விஷயமும் புரியும், கே தனியா வர்றதில்ல. முன்னாடி ஒரு சி, இல்ல எஸ், இல்ல என், பின்னாடி ஒரு இ. இது தான் அடுத்த வேலை.

ரெண்டாவது வேலை: கூட வர்ற எழுத்து எது

ஒவ்வொரு எழுத்துக்கும் கூட்டாளி உண்டு. கஷ்டமான எழுத்துக்கு கூட்டாளி ரொம்ப கம்மி, அதனால உண்மையில கஷ்டமான எழுத்து தான் கண்டுபிடிக்க ஈசி. புதுசா வர்றவங்க க்யூ-வப் பாத்து பயப்படுவாங்க, நான் சொல்றேன், க்யூ கெடைச்சா சந்தோஷப்படுங்க. க்யூவுக்கு பின்னாடி யூ, இன்ஜினுக்கு பின்னாடி பெட்டி மாதிரி சேந்தே வரும், ஆக ஒரு எழுத்து தேடப்போனா ரெண்டு எழுத்து கெடைச்சிடுது, மிச்சம் மூணு தான். வழக்கமான வார்த்தைன்னு எடுத்துக்கிட்டா அது நாலே மாதிரி தான் வரும். ஆரம்பத்துல வரும்: குயீன், குயிக், குயட், க்வைட், கோட், கோட்டா, குவெரி, குவெஸ்ட், க்வில்ட், க்யூ வரிசைல நிக்கிற க்யூ. எஸ்-க்கு அப்புறம் வரும்: ஸ்க்வாட், ஸ்க்விட். இ-க்கு அப்புறம் வரும்: ஈக்வல், எக்விப். கடைசியில யூ-இ-யோட முடியும்: பீக், அதாவது பி-ஐ-க்யூ-யூ-இ, கோவம் மனத்தாங்கல்னு அர்த்தம். இந்த நாலு வாசல்ல தட்டுனா போதும்.

யூ இல்லாத க்யூவும் இருக்கு, அது ஸ்க்ராபிள்ல பெரிய சொத்து, அத அந்த எடத்துல சொல்றேன்.

ஜே-க்கு வருவோம், இது தான் தமிழ் பேசுறவங்கள அதிகமா ஏமாத்துற எழுத்து. நமக்கு "ஜ"ங்கிற ஒரே சத்தம், இங்கிலீஷ்ல அதுக்குப் பின்னாடி மூணு எழுத்து ஒளிஞ்சிருக்கு, ஜே, ஜி, இசட். ஜட்ஜ்ல ஆரம்பம் ஜே, முடிவு ஜி-இ. திருவல்லிக்கேணியில தெருவுக்கு தெரு லாட்ஜ் போர்டு இருக்கு, அஞ்சு எழுத்து, ஜே கெடையாது. ஸ்டேஜ், லார்ஜ், மேஜிக், ஜயன்ட் எல்லாம் அஞ்சு எழுத்து, எல்லாம் ஜி. ஜீப்ரா இசட். இதுக்கு நல்ல விதி ஒண்ணு இருக்கு, சாதாரண இங்கிலீஷ் வார்த்தை ஜே-ல முடியாது, கடைசியில "ஜ்"னு கேட்டா அது ஜி-இ, இல்லன்னா டாக் டி-யோட சேந்து டி-ஜி-இ (தமிழ்ல எழுதுனா ரெண்டு டி-யும் ரெண்டு பி-யும் ஒண்ணா தெரியும், அதனால டாக் டி, டைகர் டி, பால் பி, பேரட் பின்னு பிரிச்சு சொல்றேன்). ஜே-ல முடியுற ராஜ், தாஜ், ஹஜ் எல்லாம் நம்ம பக்கத்துலேர்ந்தும் அரபுலேர்ந்தும் போன வார்த்தைங்க. அப்ப ஜே பெரும்பாலும் மொதல் எடத்துல தான்: ஜட்ஜ், ஜூஸ், ஜாயின்ட், ஜாலி, ஜோக்கர், ஜ்யூவல், ஜம்போ. நடுவுல வந்தா ஒரு கைப்பிடி தான்: மேஜர், என்ஜாய், பான்ஜோ, நிஞ்சா, இஜெக்ட். வேர்டில் ஆரம்பிச்சப்ப அதுல விடையா வைக்க எடுத்த லிஸ்ட் ஏறக்குறைய 2300 வார்த்தை, அதுல ஜே வர்றது 30 கூட இல்ல. அந்த கைப்பிடியத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும்.

எக்ஸ்-க்கு ரெண்டு பெரிய எடம். ஒண்ணு ரெண்டாவது எடம், முன்னாடி ஒரு உயிரெழுத்து: எக்ஸ்ட்ரா, எக்ஸாக்ட், எக்ஸிஸ்ட், எக்ஸெல், எக்ஸைல், ஆக்ஸியம், ஆக்ஸைடு. இன்னொண்ணு கடைசி எடம்: இன்டெக்ஸ், ரிலாக்ஸ், ரீமிக்ஸ், லேடெக்ஸ், அனெக்ஸ், டீடாக்ஸ். நடுவுல டாக்ஸிக், மிக்ஸர், பாக்ஸர், சிக்ஸ்டி. மொதல் எடத்துல ஜெராக்ஸ் தவிர செனான், அப்புறம் ப்ளஸ் டூ பயாலஜியில படிச்ச சைலம். சைலம் படிச்சவங்க எல்லாரும் அத மறந்திருக்க மாட்டாங்க, ஆனா எக்ஸ்-எ-ஒய்-எல்-இ-எம்மான்னு கொழப்பம் வரும், எக்ஸ்-க்கு அடுத்து நேரா ஒய் தான்.

இசட்டுக்கு பின்னாடி பெரும்பாலும் இ: ப்ரைஸ், சீஸ், ப்ளேஸ், க்ளேஸ். இதுல ப்ரைஸ்ங்கிறது பரிசு, வெலை இல்ல, வெலைக்கு சி, பரிசுக்கு இசட், தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒண்ணா நிக்கும், விளையாடுறப்ப ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும். ரெட்டையா வந்தா பீட்ஸா, டிஸ்ஸி, ஃபஸ்ஸி, ஜாஸ்ஸி. ப்ளாஸாவ மறக்காதீங்க, மவுன்ட் ரோடு ஸ்பென்சர் ப்ளாஸா போர்டுல தெனம் பாக்குறது. டஸன், ரேஸர் மூணாவது எடம், ஓஸோன் ரெண்டாவது, டோபாஸ் கடைசி.

வி ரொம்ப ஒழுங்கான எழுத்து, சாதாரண இங்கிலீஷ் வார்த்தை வி-ல முடியாது, முடியுற மாதிரி கேட்டா பின்னாடி ஒரு இ ஒட்டிக்கிட்டு இருக்கும், சர்வ், சால்வ், வால்வ், கர்வ், ட்ரைவ், ப்ரேவ், நர்வ். ஆக கடைசி எழுத்து இ-ன்னு தெரிஞ்சா நாலாவதுல வி வருமான்னு ஒரு தடவ பாத்துடுங்க.

ஹெச் கூட்டமா சுத்துற எழுத்து, சி, எஸ், டைகர் டி, பேரட் பி, டபிள்யூ, ஜி இதெல்லாம் முன்னாடி வந்து ஒட்டும். அதனால ரெண்டாவது எடம், சேர், ஷர்ட், திங், ஃபோன், வைட், கோஸ்ட், அப்புறம் கடைசி எடம், டீச், ஃப்ரெஷ், மன்த், க்ராஃப், லாஃப், பீச். கடற்கரை பீச் அஞ்சு எழுத்து, பழம் பீச்சும் அஞ்சு எழுத்து, ரெண்டுக்கும் ஒரே ஒரு எழுத்து தான் வித்தியாசம்.

ஒய் பத்தி ஒரு விஷயம் முக்கியம். ஏ, இ, ஐ, ஓ, யூ அஞ்சையும் போட்டுப் பாத்து எதுவுமே இல்லன்னு வந்தா பலர் போன வச்சுடுவாங்க. அங்க ஒய் தான் உயிரெழுத்து வேலை பாக்குது. நிம்ஃப், லிம்ஃப், க்ரிப்ட், க்ளிஃப், பிக்மி, ட்ரிஸ்ட். கடைசி வார்த்தை ஞாபகம் இருக்கணும்னா 1947 ஆகஸ்ட் 14 ராத்திரி நேரு பேசுனத நினைச்சுக்கோங்க, ட்ரிஸ்ட் வித் டெஸ்டினி, அதே ட்ரிஸ்ட் தான், நடுவுல ஒய்.

வேர்டில்ல இத எப்டி உபயோகிக்கிறது

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: அஞ்சு எழுத்து வார்த்தை ஒண்ண ஆறு முயற்சிக்குள்ள கண்டுபிடிக்கணும், பச்சை வந்தா எழுத்தும் எடமும் சரி, மஞ்சள் வந்தா எழுத்து இருக்கு எடம் வேற, சாம்பல் வந்தா இல்ல. ஜாஷ் வார்டில்ங்கிறவர் உருவாக்குனது, 2021 அக்டோபர்ல எல்லாருக்கும் திறந்து விட்டாரு, 2022 ஜனவரியிலயே நியூயார்க் டைம்ஸ் வாங்கிடுச்சு. நம்ம ஊர் நேரப்படி ராத்திரி 12 மணிக்கு புது வார்த்தை வரும்.

மொத வார்த்தை எதுன்னு தான் எல்லாரும் கேக்குறாங்க. நாலு உயிரெழுத்து இருக்குன்னு அடியூ போடுறவங்க ரொம்ப அதிகம், எனக்கு அதுல உடன்பாடு இல்ல, உயிரெழுத்து எப்டியும் ரெண்டு மூணு தான் இருக்கும், வார்த்தைய அடையாளம் காட்டுறது மெய்யெழுத்து. ஸ்லேட், க்ரேன், ட்ரேஸ் இந்த மாதிரி எஸ், எல், ஆர், என், டைகர் டி, கூட ஏ-யும் இ-யும் வர்ற வார்த்தை போடுங்க. அந்த 2300 வார்த்தையில எஸ்ல ஆரம்பிக்கிறது மட்டும் 350-க்கு மேல, இ-ல முடியுறது 400-க்கு மேல, அதனால ஸ்லேட் மாதிரி ஒண்ணு எஸ்-ஐயும் இ-யையும் அதது எடத்துலயே சோதிச்சுடுது.

ஒரு ஆட்டத்த நடத்திப் பாப்போம். ஸ்லேட் போட்டோம், அஞ்சும் சாம்பல். கவலைப்படாதீங்க, ரொம்ப ஓடுற அஞ்சு எழுத்து இல்லைன்னு தெரிஞ்சது பெரிய தகவல். இப்ப ஏ-யும் இ-யும் இல்ல, மிச்சம் ஐ, ஓ, யூ, ஒய். அடுத்து க்ரோனி போட்டோம், சி சாம்பல், ஆர் பச்சை, ஓ பச்சை, என் சாம்பல், ஒய் பச்சை. இப்ப கைல இருக்குறது: ஒரு காலி எடம், ஆர், ஓ, ஒரு காலி எடம், ஒய். இங்க தான் புதுசா ஆடுறவங்க தலைய சொறிவாங்க, ரெண்டு எடத்தையும் ஒரே நேரத்துல நிரப்பப் பாப்பாங்க. ஒவ்வொண்ணா போங்க. ஆர்-க்கு முன்னாடி எது ஒட்டும்? பால் பி, டாக் டி, எஃப், ஜி, பேரட் பி, ஏற்கனவே சி-யும் டைகர் டி-யும் போயிடுச்சு. முக்கியமா இந்த அஞ்சு தான். ஒவ்வொண்ணையும் வச்சுகிட்டு நாலாவது எடத்துல பாக்கி எழுத்துக்கள ஓட்டுங்க, வாய்விட்டு சொல்லிக்கிட்டே ஓட்டுங்க, பேரட் பி வச்சு எக்ஸ் வர்றப்ப ப்ராக்ஸி நிக்கும். காலேஜ்ல அட்டன்டன்ஸ்க்கு குடுக்குற அதே ப்ராக்ஸி. வழக்கத்துல இருக்குற வார்த்தைன்னு பாத்தா அந்த எடத்துக்கு அது தான்.

அடுத்தது ஒரு பொறி. கடைசி நாலு எழுத்து பச்சை, மொத எழுத்து மட்டும் தெரியல, அப்டி வந்தா ஜெயிச்சாச்சுன்னு தோணும், ஆனா பெரும்பாலான தோல்வி அங்க தான். ஐ-ஜி-ஹெச்-டி-ன்னு நிக்குதுன்னு வைங்க. லைட், நைட், ரைட், ஃபைட், மைட், சைட், டைட், எய்ட், எட்டு இருக்கு, முயற்சி மூணு தான் பாக்கி. ஒவ்வொண்ணா போட்டா அவ்வளவு தான். அதுக்கு பதிலா விடையா இருக்கவே முடியாத ஒரு வார்த்தைய வேணும்னே போடுங்க: ஃபிலிம்ஸ். எஃப், எல், எம், எஸ் நாலும் ஒரே அடியில தெரிஞ்சிடும், ஏதாவது மஞ்சளா பச்சையா ஆனா அது தான் மொத எழுத்து. நாலும் சாம்பல்னா அடுத்து என்டர்ங்கிற வார்த்தைய போடுங்க, இ, என், ஆர் மூணும் தெரியும், அதுவும் இல்லன்னா டைட். ஆனா ஹார்டு மோட் போட்டு ஆடுறவங்களுக்கு இது முடியாது, அங்க கெடைச்ச எழுத்த விடக்கூடாதுன்னு விதி, அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க ஹார்டு மோட் பக்கம் இப்போதைக்கு போக வேண்டாம்.

ரெட்டை எழுத்து வந்தா கலர் எப்டி படிக்கிறதுன்னு பலருக்கு தெரியல. விடை டோக்கன்னு வைங்க, அதுல ஒரு இ தான். நீங்க கீஸ் போட்டீங்க, வாத்துக் கூட்டம் கீஸ், அதுல மூணு இ. மொத இ மட்டும் மஞ்சள் ஆகும், மத்த ரெண்டும் சாம்பல். அந்த சாம்பலப் பாத்து இ-யே இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது, "இ ஒண்ணு தான் இருக்கு, ரெண்டாவது இல்ல"ன்னு அர்த்தம்.

ஸ்பெல்லிங் விஷயத்துல நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாம படிச்சது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அதுல கலர், ஹானர், ஃபேவர், ஹ்யூமர் எல்லாம் ஆறு எழுத்து. வேர்டில் அமெரிக்கக் கணக்கு, யூ இல்லாம அஞ்சு எழுத்து. ஃபேவர், ஹ்யூமர் ரெண்டுமே 2022ல விடையா வந்து பிரிட்டன்ல பலர் கோவப்பட்டாங்க. மீட்டர், லிட்டர், ஃபைபர்லயும் அமெரிக்கக்காரங்க இ-ஆர்னு தான் முடிப்பாங்க. சும்மா எஸ் சேத்த பன்மை வேர்டில்ல முயற்சிக்கு ஏத்துக்கும், ஆனா விடையா அத எதிர்பாக்காதீங்க, கடைசி முயற்சிய அதுல வீணாக்காதீங்க.

ஸ்க்ராபிள்ல கணக்கு வேற

இங்க எழுத்து உங்க கைலயே இருக்கு, அத வச்சு தான் வார்த்தை. 1930கள்ல வேலை இழந்த ஆல்ஃப்ரட் பட்ஸ்ங்கிற நியூயார்க் ஆர்க்கிடெக்ட் பத்திரிகைப் பக்கங்கள்ல எந்த எழுத்து எத்தனை தடவ வருதுன்னு எண்ணிப் பாத்து தான் இந்த விளையாட்ட வடிவமைச்சாரு, 1948ல ஸ்க்ராபிள்னு பேரு வந்துச்சு. மொத்தம் 100 வில்லை, அதுல இ 12, ஏ-யும் ஐ-யும் 9, எஸ் வெறும் 4, காலி வில்லை 2. ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஒவ்வொண்ணு தான். க்யூவும் இசட்டும் 10 பாயின்ட், ஜே-யும் எக்ஸும் 8.

இதுலேர்ந்து ஒரு முக்கியமான விஷயம் வருது, புது ஆளுங்க கவனிக்கிறதில்ல: ஒரே ஒரு இசட் தான் இருக்குன்னா பீட்ஸாவ காலி வில்லை இல்லாம வைக்கவே முடியாது. நாக்-லயும் அதே கதை, ரெண்டு கே. ஜெராக்ஸ்ஸும் அப்டித் தான். அதனால வேர்டில்ல தேடுற லிஸ்ட் வேற, ஸ்க்ராபிள்ல தேடுற லிஸ்ட் வேற.

க்யூ வந்து யூ வரலன்னா என்ன பண்றதுன்னு சொன்னேன்ல. சென்னைக்காரங்களுக்கு இது லட்டு மாதிரி வரணும், திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, மண்ணடி பக்கம் வளந்தவங்க காதுல தெனம் விழுற வார்த்தைங்க இது. ஃபகீர், தலாக், நிகாப், கிப்லா, புர்கா, அஞ்சும் அஞ்செழுத்து, அஞ்சுலயும் க்யூ, யூ கூட ஒட்டல. புர்காவுல யூ இருக்கு, ஆனா க்யூவுக்கு முன்னாடி தள்ளி நிக்குது. நாலு எழுத்துக்கு வக்ஃப். ரெண்டே எழுத்துக்கு க்யூ-ஐ, சீனத்துல உயிர்ச்சக்தின்னு அர்த்தம், இந்த ஒண்ண மட்டுமாவது இன்னைக்கே எழுதி வச்சுக்கோங்க, ஆட்டத்தோட கடைசியில க்யூ கைல தேங்கி பாயின்ட் போறது இதனால நிக்கும்.

இட்லி, தோசை ரெண்டும் காலின்ஸ் லிஸ்ட்ல, அதாவது ஸ்க்ராபிள்ல எந்த வார்த்தை செல்லும்னு சொல்ற லிஸ்ட்ல, உண்டு, பின்னாடி எஸ் சேத்தா ரெண்டும் அஞ்சு எழுத்து. மேங்கோ, கறி, வெத்தலைக்கான பீட்டல், கொப்பரைக்கான கோப்ரா, இதெல்லாமும் அஞ்செழுத்து, நம்ம தென்னாட்டு வார்த்தைலேர்ந்து போனது தான், பி-யும் டி-யும் ஏ-யும் வச்சுக்கிட்டு முழிக்கிறப்ப சமையல்கட்டு பக்கம் ஒரு தடவ மனச ஓட்டிட்டு வாங்க. ஸ்க்ராபிள்ல பன்மை, இறந்தகாலம் எல்லாம் செல்லும், அதனால எக்ஸ் கைல இருந்தா டாக்ஸி, எக்ஸாம், டெக்ஸ்ட் கூட எஸ் சேருங்க, மிக்ஸ், ஃபிக்ஸ், டாக்ஸ் கூட இ-டி சேருங்க, உடனே அஞ்சு எழுத்து.

குறுக்கெழுத்து

இங்க எடம் முன்கூட்டியே தெரியும், அதுவே பாதி வேலை. குறிப்போட கடைசியில அடைப்புக்குள்ள 5-ன்னு போட்டிருப்பாங்க, அது எழுத்து எண்ணிக்கை. குறுக்க போற வார்த்தையிலேர்ந்து ஒரு எழுத்து கெடைச்சதும் அஞ்சு கோடு முறைய ஆரம்பிச்சுடலாம். மூணாவது எழுத்து வி-ன்னு வந்துச்சுன்னா ரிவர், நெவர், செவன், கவர், லெவல்னு ஓட்டிப் பாருங்க, நாலாவது எழுத்து இ-யா இருக்க எவ்ளோ வாய்ப்புன்னு உங்களுக்கே தெரியும். தி ஹிந்து மாதிரி நம்ம ஊர் பேப்பர்ல வர்ற குறுக்கெழுத்துக்கு பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் தான், வேர்டில் பழக்கத்துல யூ-வ விட்டுடாதீங்க. பென்சில்ல எழுதுங்க.

பழகுறதுக்கு

ஒரு நாளைக்கு ஒரு எழுத்து போதும். கே, ஹெச், ஒய்-லேர்ந்து ஆரம்பிங்க, அப்புறம் வி, எக்ஸ், இசட், ஜே, க்யூ. அஞ்சு கோடு போட்டு, எடத்துக்கு ரெண்டு வார்த்தையாவது எழுதுங்க, வராத எடத்த காலியா விடுங்க, உடனே செல்போன்ல தேடாதீங்க, ராத்திரி வரைக்கும் அது மனசுல ஓடட்டும். பழைய இங்கிலீஷ் பேப்பர் ஒரு பக்கம் எடுத்து அந்த எழுத்து இருக்குற அஞ்செழுத்து வார்த்தைய எல்லாம் வட்டம் போடுறது இன்னும் நல்லது, பட்ஸ் பண்ணது கிட்டத்தட்ட அதே வேலை தான். பசங்களோட பஸ்ல போறப்ப கடை போர்டுகள படிச்சுக்கிட்டே போங்க, ஹோட்டல், ஜூஸ், மெட்ரோ, பீட்ஸா, ப்ளாஸா, டிப்போ, பவர், கிண்டியிலேர்ந்து பாரிமுனை போறதுக்குள்ள பாதி அகராதி பாத்துடலாம், பசங்களும் தூங்காம வருவாங்க.

தேடிப் பாத்தே ஆகணும்னா ஒன்லுக்னு ஒரு தளம் இருக்கு, தெரியாத எழுத்துக்கு எல்லாம் கேள்விக்குறி போட்டு, தெரிஞ்ச எழுத்த அதது எடத்துல வச்சா பொருந்துற வார்த்தைகள காட்டும், ரெண்டு கேள்விக்குறி, ஒரு எக்ஸ், மறுபடி ரெண்டு கேள்விக்குறி, இப்டி. அத ஆட்டத்துக்கு நடுவுல திறக்காதீங்க, ஆட்டம் முடிஞ்சப்புறம் எத விட்டோம்னு பாக்க திறங்க, அப்ப தான் அது கத்துக் குடுக்கும். அகராதி புரட்ட ஆசை இருந்தா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர்ல 1896லேர்ந்து இருக்குற கன்னிமாரா நூலகம், ரெண்டுமே இருக்கு, வீட்டுக்கு சொந்தமா ஒண்ணு வேணும்னா பழைய புத்தகக் கடையில பழைய பதிப்பு வாங்குனாலே போதும், அஞ்செழுத்து வார்த்தைங்க பெருசா மாறிடல.

ஸ்க்ராபிள் ஆடுறப்ப மட்டும் எந்த லிஸ்ட்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. நம்ம நாட்டுப் போட்டிகள்ல காலின்ஸ் லிஸ்ட் தான் செல்லும், அமெரிக்காவுல வேற லிஸ்ட், அங்க செல்லாத நிறைய வார்த்தை காலின்ஸ்ல செல்லும். அண்ணன் ஒரு ஆப் பாத்து சொல்ல, அத்தை ஸ்கூல் டிக்‌ஷனரிய தூக்கிட்டு வர, தலாக் செல்லுமா செல்லாதான்னு அரை மணி நேரம் போயிடும், அதுக்கு பதிலா காலின்ஸ் லிஸ்ட் பாக்குற ஆப் ஒண்ண ஒரே ஒருத்தர் செல்போன்ல வச்சு, வார்த்தைய போர்டுல வச்சு எதிராளி ஆட்சேபிச்சப்புறம் மட்டும் அவர் பாத்து சொல்லட்டும்.